வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லை என்றால் என் விசுவாசம் குறைவா? தினமும் எப்படித் தியானிப்பது?

சகோதரியின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வருஷப்பிறப்பு இரவு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான கர்த்தரின் வாக்காக அவர் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற எரேமியா 29:11 வந்தது. அதை பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, தினமும் காலையில் மூன்று அதிகாரம் வாசித்து ஜெபித்திருக்கிறார். அதே வருஷத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியது. நம்பியிருந்த வேலையும் கிடைக்கவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் வாக்குத்தத்தம் தடைபடுகிறது" என்கிறார் பெரியம்மா. வாசிப்பது எதுவும் மனசில் நிற்கவில்லை, எப்படித் தியானித்தால் கர்த்தரை நம்ப முடியும் என்று கேட்டிருக்கிறார்.

தியான முறையைக் கேட்பதுபோல் இருந்தாலும் உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். கர்த்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையா, இல்லை நான்தான் கெடுத்துவிட்டேனா? இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மை என்று நினைத்துக்கொண்டு எந்த முறையில் தியானித்தாலும் வேதம் கையில் கனக்கத்தான் செய்யும். அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம். பல வருஷமாக சபையில் வேதபாடம் நடத்தி வருகிறேன். இதே கேள்வி, பெரும்பாலும் இதே வசனத்தை வைத்தே, திரும்பத் திரும்ப வருகிறது.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் ராஜாவாகிய எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். ஊரில் மீந்திருந்த எரேமியா, அந்தச் சிறைப்பட்டவர்களுக்கு எழுதி அனுப்பியது இது. இதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் 11-ஆம் வசனத்தின் எடை தெரியும். 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்கிறான். ஆலயத்துப் பாத்திரங்கள், ராஜா, ஜனங்கள், எல்லாமே. கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா உடனே மறுக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறான். அவனுக்கும் அதுதான் ஆசை. ஆனால் சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை, அது வந்தபின்புதான் கர்த்தர் அனுப்பினவன் என்று அறிய முடியும் என்றும் சேர்த்துச் சொல்கிறான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறான். கர்த்தருடைய வார்த்தை பிறகுதான் எரேமியாவுக்கு வருகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உண்மையான தீர்க்கதரிசிக்கே அந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்து வருகிற கடிதத்தில் கர்த்தர் சொல்வது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், கலியாணம் பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். எழுபது வருஷம் நிறைவேறினபின்பு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன். இவ்வளவுக்கும் பிறகுதான், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் வருகிறது. முப்பது வயதில் அந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்ட ஒருவர் திரும்பி வந்து எருசலேமைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த எழுபதை எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. கி.மு. 605-இல் தொடங்கி பாபிலோன் விழுந்தது வரை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், கி.மு. 586-இல் ஆலயம் இடிந்ததிலிருந்து 516-இல் மறுபடி கட்டி முடித்தது வரை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படி எண்ணினாலும் இது ஒரு வருஷத்துக்கான வசனம் இல்லை. ஒரு வருஷக் கெடுவை அதன்மேல் ஏற்றியது அட்டையின் வடிவம்தான். கர்த்தர் அந்தக் கெடுவைக் கொடுக்கவில்லை. ஆகவே அவர் சொல் தவறவில்லை, நீங்களும் எதையும் கெடுக்கவில்லை.

அப்படியானால் அந்த வசனத்தில் உங்களுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்கிறது. தம் ஜனத்தைச் சிறையிருப்பிலும் மறக்காத கர்த்தர் உங்களையும் மறக்கவில்லை என்று கிறிஸ்துவை வைத்து நிச்சயமாய்ச் சொல்லலாம். அம்மாவின் சிறுநீரகம் இந்த வருஷம் சரியாகிவிடும் என்று அந்த வசனத்தை வைத்துச் சொல்ல முடியாது. சரியாகலாம். அதற்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் அது விண்ணப்பம். விண்ணப்பத்தையும் வாக்குத்தத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்துக் கலந்துவிடுவதில்தான் இந்தச் சிக்கல் முழுவதும் பிறக்கிறது.

பெரியம்மா சொன்னதைப் பற்றி. அன்பினால்தான் சொல்லியிருப்பார், சண்டை போட வேண்டாம். ஆனால் அந்த எண்ணத்தை வேதமே ஏற்கவில்லை. பவுல் தன் சரீரத்தில் முள்போல் இருந்த உபாதை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்." அதே பவுல் தன் உடன்ஊழியனாகிய துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். விசுவாசம் போதவில்லை என்று இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. எபிரெயர் 11-ஐ நாம் சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள் வரைக்கும் வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். 35-ஆம் வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று ஆரம்பித்து, வாதிக்கப்பட்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள் வருகிறார்கள். இரு கூட்டமும் ஒரே விசுவாசப் பட்டியலில்தான் இருக்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளையை இயேசு குணமாக்கினார். பாதி விசுவாசத்தோடு வந்தவனை அவர் திருப்பி அனுப்பவில்லை.

கூடவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விசுவாசத்தைக் காட்டுவதற்காக டயாலிசிஸை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், கேட்காதீர்கள். தவறவிடுகிற ஒவ்வொரு முறையும் நீரும் பொட்டாசியமும் உடலில் தேங்கும், இருதயம் நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து உண்டு. வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக்கொடுத்த அதே அதிகாரத்தில், ஏசாயா அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு" என்ற சங்கீதம் 91-இன் வசனத்தைக் காட்டி ஆலய உப்பரிகையிலிருந்து இயேசுவைக் குதிக்கச் சொன்னவன் சாத்தான் என்பதையும் மத்தேயு 4-இல் பார்த்துக்கொள்ளுங்கள். வசனம் சரியானதுதான். பயன்படுத்தின விதம் தேவனைப் பரீட்சை பார்ப்பதாக இருந்தது.

அட்டையை எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தினம் ஒரு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுக்கிற வழக்கம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சபையாரிடம் 1728-இல் தொடங்கியது. 1731-ஆம் வருஷத்திலிருந்து அச்சுப் புத்தகமாகவே வருகிறது. நம் அட்டை நேரே அங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் சீட்டில் எடுப்பது பழைய ஏற்பாட்டு வசனத்தை. அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள், ஒரு ஜெபமோ பாட்டோ கூட வரும். எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே வசனம். அதை அன்றைய நினைவுக்கான வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள், தனித்தனி ஆளுக்கான வருங்காலக் கணிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் அட்டையையும் அப்படி வைத்துக்கொண்டால் நல்லதுதான். அட்டை எடுத்த அன்றைக்கே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியர் 4:13 வந்தவர் 11-ஐயும் 12-ஐயும் வாசித்தால் போதும், பசியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டவன் எழுதியது என்று தெரிந்துவிடும்.

ஆண்டவர் ஒரு குறிப்பிட்ட வசனத்தின் மூலம் ஒருவரோடு நேரடியாகப் பேசுவாரா என்பதில் சபைகளுக்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு. பேசவே மாட்டார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கி.பி. 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13:13, 14-ஐ வாசித்ததும் வாழ்க்கை மாறியது. ஆனால் அவருக்குக் கிடைத்தது எது என்று பாருங்கள். களியாட்டத்தை விடு, கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள் என்ற கட்டளை. அந்த வசனம் எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னது, அன்றைக்கு அவருக்கு உறைத்தது. நான் வைத்துக்கொள்கிற அளவுகோல் இதுதான்: ஒரு வசனம் உங்களைத் தொட்டால், அது எழுதப்பட்ட இடத்தில் என்ன சொல்கிறதோ அதையே சொல்லித் தொட்டதா என்று பாருங்கள். அங்கே இல்லாத தேதியையும் ஊரையும் மாப்பிள்ளையையும் அது சொல்கிறதாகத் தோன்றினால் நிதானியுங்கள், போதகரிடமோ முதிர்ந்த ஒரு விசுவாசியிடமோ கேளுங்கள்.

இனி தினசரி வாசிப்பு. காலையில் மூன்று அதிகாரம் என்பது எங்கிருந்து வந்த கணக்கு என்று பலருக்குத் தெரியாது. வேதாகமத்தில் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1196. வருஷத்தில் ஒருமுறை முடிந்துவிடும். வேதத்தின் முழுக் கதையும் பழகுவதற்கு இது நல்ல வழி, ஆனால் இதன் பெயர் வாசிப்பு. தியானம் இன்னொரு வேலை. இரண்டையும் அதே பதினைந்து நிமிஷத்தில் செய்யப் பார்ப்பதால்தான் மனசில் ஒன்றும் தங்குவதில்லை. ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதும் எனக்குப் பழகிப்போன ஒன்று: யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பிக்கும்போது தளர்வார்கள், லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். இப்போது நீங்கள் இருக்கிற நிலையில் மூன்று அதிகாரத்தை ஒரு வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். வருஷத்தில் ஒன்றை முழுதும் வாசித்து முடிக்க ஆசை இருந்தால் புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து, சரியாக 52 வாரம். அதை மதியமோ பஸ்ஸிலோ வாசியுங்கள். காலை நேரத்தைத் தியானத்துக்கு வையுங்கள்.

காலைக்கு இருபத்தைந்து நிமிஷம் போதும். பகுதி சின்னதாக இருக்கட்டும், பத்திலிருந்து பதினைந்து வசனம், அல்லது ஒரு சின்னச் சங்கீதம். வசன எண்ணைப் பார்த்து வெட்டாமல் ஒரு சம்பவமோ பேச்சோ முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். முதல் தரம் சாதாரண வேகத்தில் மனசுக்குள் வாசியுங்கள். இரண்டாம் தரம் வாய்விட்டு, மெதுவாக. வாய்விட்டு வாசிக்கும்போது கண் தாவ முடியாது, தெரிந்த பகுதிதானே என்று கடந்துபோன சொல் அங்கேதான் தட்டுப்படும். பழைய திருப்புதலின் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்) நீண்ட வாக்கியம் புரியவில்லை என்றால் திருவிவிலியம் என்கிற பொது மொழிபெயர்ப்பையோ எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. பிறகு இதைப் பேசுகிறவர் யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்று கேளுங்கள். இதற்குப் பதில் தெரியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். அதன்பின், தேவனைப் பற்றி இந்தப் பகுதி எதைக் காட்டுகிறது? எனக்கு என்ன என்ற கேள்வி கடைசியில்தான். இந்த வரிசை தலைகீழானால் வேதம் முழுவதும் நம்மைப் பற்றிய புத்தகமாக மாறிவிடும். எரேமியா 29:11 உங்களுக்கு இவ்வளவு வலியாய்ப் போனதும் அப்படித்தான்.

யோசித்ததை மூன்று வரியில் எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். நோட்டின் இடது பக்கத்தில் அந்தப் பகுதி உறுதியாய்ச் சொல்வது, வலது பக்கத்தில் நீங்கள் எதிர்பார்ப்பது. உங்கள் அட்டை வசனத்தையே எடுத்துக்கொண்டால், இடது பக்கத்தில் "சிறையிருப்பிலும் கர்த்தர் தம் ஜனத்தை நன்மைக்காகவே நினைத்திருக்கிறார்." வலது பக்கத்தில் "அம்மா குணமாக வேண்டும், எனக்கு வேலை வேண்டும்." ஜெபிக்கும்போது இடது பக்கத்தைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்கள், வலது பக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், கூசாமல் கேளுங்கள். வலது பக்கத்தில் இருப்பது நடக்காதபோது இடது பக்கம் அழியாமல் இருப்பதைச் சில மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் கண்ணாலேயே காணலாம். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் தானியேல் 3-இல் செய்தது இதுவே. சிலையை வணங்காவிட்டால் அக்கினிச்சூளை என்ற ராஜாவிடம், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், விடுவிக்காமற்போனாலும் உம் சிலையைப் பணியமாட்டோம் என்றும் சொன்னார்கள்.

வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு ஒன்றும் பேசாமல் அவர் சமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று இந்த வரிசையை 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ ஏணியின் நான்கு படிகளாக எழுதிவைத்தார். கத்தோலிக்கர் இதை இன்றும் லெக்சியோ திவினா என்கிறார்கள். நாலாவது படி தினமும் வாய்க்காது, அதைத் தேடித் தவிக்க வேண்டாம்.

கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. போனில் வேதம் வாசித்தால் ஐந்தாம் வசனத்தில் வாட்ஸ்அப் எட்டிப்பார்க்கும். அச்சுப் புத்தகம் எடுங்கள், இல்லையென்றால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். வசனத்தை வாசிக்குமுன் பிரசங்கியாரின் விளக்கத்தைக் கேட்டால், பிறகு அவர் சொன்னது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். விளக்கம் கடைசியில் இருக்கட்டும். விண்ணப்பப் பட்டியல் நீளமானால் முழு நேரத்தையும் விழுங்கிவிடும், அதை இரவு ஜெபத்துக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் தவறினால் விட்டதைச் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள், அன்றைய பகுதியோடு தொடருங்கள். சேர்த்து வாசிக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் மொத்தமாக நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதில் தொடங்குவது? இப்போதைக்குப் புலம்பல் சங்கீதங்களில். 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று முதல் இரண்டு வசனத்தில் நாலு தரம் எதுவரைக்கும் என்ற கேள்வி. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாகச் சங்கீதம் சொல்லவில்லை. சத்துரு அங்கேயேதான் இருக்கிறான். முதல் நாள் 1, 2-ஐ மட்டும் வாசித்து, உங்கள் முறையீட்டை அதே தைரியத்தோடு எழுதுங்கள். மறுநாள் 3, 4. மூன்றாம் நாள் 5, 6. மூன்றாம் நாள் வாய் வரவில்லை என்றால் பொய்யாகச் சொல்ல வேண்டாம், 88-க்குப் போங்கள். அது தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டதோடு சரி, நம்பிக்கை வரி ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, அதையும் ஜெபமாக ஏறெடுக்கலாம். இப்படி இரண்டு மூன்று வாரம் சங்கீதங்களில் இருந்துவிட்டு மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். 678 வசனம், ஒரு நாளைக்கு 13 வீதம் ஏறக்குறைய ஐம்பத்திரண்டு நாள். வாக்குத்தத்தங்களுக்கு ஆமென் ஆனவர் யார் என்று சுவிசேஷத்தில் பார்க்காமல் அவரை நம்புவது எப்படி?

உங்கள் தூக்கமும் சாப்பாடும் பல வாரமாகக் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தால், வசனம் மனசில் நிற்காததற்கு அதுவும் காரணமாயிருக்கலாம். இங்கே எழுதியதை மட்டும் வைத்து என்னால் அதைத் தீர்மானிக்க முடியாது. அம்மாவைக் கூட்டிப்போகிற ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

டயாலிசிஸ் நாட்களில் காலைத் தியானத்தை வீட்டில் செய்ய வேண்டாம், அவசரத்தில் பாரமாகிவிடும். ஒரு முறைக்கு நாலு மணி நேரம் எப்படியும் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். முதல் ஒரு மணி நேரம் விட்டு, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்காமல் நிலையாக இருக்கும்போது, ஒரே ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டுங்கள். 121, 130 இரண்டும் எட்டு வசனம், 23 ஆறு வசனம். மெதுவாக, பக்கத்துப் படுக்கைக்காரரைத் தொந்தரவு செய்யாத குரலில். விசுவாசிக்கிறீர்களா அம்மா என்று கேட்காதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். அவருக்குச் சோர்வாக இருந்தால் இரண்டு வசனத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த முறை அதே இடத்திலிருந்து தொடருங்கள்.